பச்சைச் சுவரும் காவித் தரையும்

வீட்டு அறைக்குப் பளிச்சென்ற பச்சை பூசுவதைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், ஒரு முழுச் சொற்பொழிவுக்கு இதில் என்ன இருக்கிறது என்று நண்பர் ஒருவர் உரிமையோடு கேட்டார். நிறையவே இருக்கிறது. காலையில் கண் விழிக்கும்போது முதலில் தெரிவதும், இரவில் விளக்கை அணைக்கும் முன் கடைசியில் தெரிவதும் சுவர்தான். அதற்கு என்ன நிறம் என்பதைக் கடைக்காரர் நீட்டும் அட்டையைப் பார்த்துக் கால் மணி நேரத்தில் முடிவு செய்துவிட்டு, ஏழெட்டு ஆண்டுகள் அதோடு வாழ்கிறோம். இதற்கு இன்னும் கொஞ்சம் யோசனை தேவை.

நான் நாகர்கோவில்காரன். வீடுகளுக்கு வண்ணம் தேர்ந்து கொடுப்பது என் தொழில். மாநில எல்லையில் இருக்கும் களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வேலை செய்கிறேன். 1956 நவம்பர் 1 வரை என் நாகர்கோவிலும் உங்கள் திருவனந்தபுரமும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தவை. வீடு கட்டிய விதத்திலும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஓட்டுக்கூரை, காவித் தரை, சுண்ணாம்புச் சுவர், வீட்டைச் சுற்றித் தென்னையும் வாழையும் பலாவும். இந்த நகரத்தின் கரமனை, வலியசாலை அக்ரகாரங்களில் அடுத்தடுத்து ஒட்டி நிற்கும் வீடுகளுக்குள் நுழையும்போது, எனக்குச் சுசீந்திரத்துத் தெருக்களுக்குள் நுழைகிற உணர்வே வரும்.

இந்த வீடுகளில் இப்போது இரண்டு விதமான பேச்சைக் கேட்கிறேன். ஒரு சாராருக்குப் பச்சை வேண்டும், ஆனால் பயம். "கண்ணைக் குத்துமோ, நாலு பேர் என்ன சொல்வார்களோ" என்று தயங்கி, கடைசியில் வெளிறிய சந்தன நிறத்தில் போய் நின்றுவிடுகிறார்கள். இன்னொரு சாரார் துணிந்து நாலு சுவருக்கும் கிளிப்பச்சை பூசிவிட்டு, ஒரு மாதத்தில் அந்த அறையில் உட்கார முடியவில்லை என்று வருகிறார்கள். இருவருக்கும் என் பதில் ஒன்றுதான். பச்சை நல்ல நிறம். ஆனால் அதைத் தனியாக நிற்க விடக் கூடாது. அதற்குப் பக்கத்தில் காவி வேண்டும், சுற்றி வெள்ளை வேண்டும். இது என் கண்டுபிடிப்பு அல்ல. இந்த மண்ணின் ஓவியர்கள் சுவரில் எழுதி வைத்துவிட்டுப் போன பாடம்.

ஸ்ரீபத்மநாபசுவாமி கோயிலின் கருவறைப் புறச்சுவரில் இருக்கும் சுவரோவியங்களைப் பார்த்திருப்பீர்கள். பதினெட்டாம் நூற்றாண்டில், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா காலத்தில் கோயில் புதுப்பிக்கப்பட்டதை ஒட்டி எழுந்த மரபு அது. தக்கலைக்கு அருகே பத்மநாபபுரம் அரண்மனையில், உப்பரிகை மாளிகையின் மேல்தளத்தில், பத்மநாபனின் பள்ளியறை என்று வைத்திருந்த அறையின் சுவர்கள் முழுவதும் அதே காலத்து ஓவியங்கள். அந்த அரண்மனை இன்று தமிழ்நாட்டு மண்ணில் நின்றாலும் கேரள அரசின் பராமரிப்பில் இருக்கிறது. நிறத்தைப் பற்றிப் படிக்க விரும்புகிற ஒருவருக்கு நம் பகுதியில் இவற்றைவிடப் பெரிய பள்ளிக்கூடம் இல்லை.

அந்தச் சுவரை எப்படித் தயார் செய்தார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். முதலில் சுண்ணாம்பும் மணலும் சேர்ந்த பூச்சு. அதன் மேல் பஞ்சு கலந்து இடித்த சுண்ணாம்புச் சாந்து. அதற்கும் மேலே, இளநீரில் கரைத்த சுண்ணாம்பை இருபத்தைந்து, முப்பது முறை பூசுவார்கள். ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகே அடுத்தது. இவ்வளவுக்குப் பிறகு கிடைப்பது மெழுகியது போல் வழவழப்பான, உள்ளிருந்து ஒளி வருகிற வெண்மை. ஓவியத்தில் வெள்ளை தேவைப்படும் இடத்தில் தனியாக வெள்ளை பூசுவதில்லை, சுவரையே விட்டுவிடுவார்கள். நாம் இன்று புட்டி வைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மறுநாளே நிறம் பூசி முடிக்கும் வேகத்தை நினைத்துப் பார்த்தால், அவர்களுடைய பச்சை ஏன் நின்றது என்பது புரியும்.

நிறங்கள் ஐந்து: மஞ்சள், சிவப்பு, பச்சை, கறுப்பு, வெள்ளை. மஞ்சளும் சிவப்பும் செம்புரைப் பாறையில் கிடைக்கும் காவிக் கற்களிலிருந்து வந்தவை. கறுப்பு, நல்லெண்ணெய் விளக்கின் புகைக்கரி. பச்சைக்குத்தான் இரண்டு செடிகள் வேண்டும். ஒன்று நீலமரி, நாம் அவுரி என்று சொல்வது. அதன் இலையிலிருந்து நீலம். இன்னொன்று இரவிக்கறை, குடம்புளிக்கு உறவான ஒரு மரத்தில் வடியும் மஞ்சள் பிசின். நீலத்தையும் இந்த மஞ்சளையும் குழைத்தால் பச்சை. எது கூட, எது குறைய என்பதைப் பொறுத்து வாழைக்குருத்தின் பச்சையும் கிடைக்கும், பலா இலையின் பச்சையும் கிடைக்கும். வேப்பம்பிசினைத் தண்ணீரில் கரைத்துச் சேர்த்தால் நிறம் சுவரைப் பிடித்துக்கொள்ளும். பூசும் தூரிகை, புல் நுனியிலும் தாழை வேரிலும் செய்தது. முதலில் மஞ்சளும், பிறகு சிவப்பும் பச்சையும் இட்டு, கடைசியில் கறுப்புக் கோடு.

அந்தப் பச்சையை எங்கே வைத்தார்கள்? சாத்துவிக குணம் உடையவர்களின் மேனிக்குக் கொடுத்தார்கள். கண்ணனுக்கும் இராமனுக்கும் பச்சை மேனி. கதகளியிலும் அதே முறை. நளன், அருச்சுனன், தருமன் போன்ற உயர்ந்த பாத்திரங்கள் பச்சை வேடத்தில்தான் வருவார்கள். மனையோலை என்ற மஞ்சள் ஆர்சனிக் கனிமத்தை நீலத்தோடு சேர்த்துத் தேங்காய் எண்ணெயில் அரைத்து அந்த முகப்பச்சையைச் செய்வது பழைய வழக்கம். இந்த நகரத்தில் மார்கி கலைக்கூடத்தின் அரங்கில் கதகளி பார்த்தவர்கள் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பச்சை முகத்தைச் சுற்றி வெள்ளைச் சுட்டி, உதட்டில் சிவப்பு, தலையில் பொன்னும் சிவப்புமான கிரீடம். அந்த முகத்தில் பச்சை இத்தனை உயிரோடு தெரிவதற்குக் காரணம் பச்சை மட்டும் அல்ல. அதைச் சுற்றி நிற்கும் வெள்ளையும், அதற்குள் இருக்கும் சிவப்பும்.

சுவரோவியத்திலும் இதைத்தான் காண்கிறோம். பெரும்பரப்பு காவிச் சிவப்பும் மஞ்சளும். அதன் நடுவே பச்சை மேனி. முழுச் சுவரையும் பச்சையாக்கிய ஓவியர் யாரும் இல்லை. காயங்குளத்தில் கிருஷ்ணபுரம் அரண்மனையில் இருக்கும் கஜேந்திர மோட்சம் ஓவியத்தின் முன் போய் நின்று பாருங்கள். கேரளத்தில் ஒரே காட்சியாக வரையப்பட்ட சுவரோவியங்களில் மிகப் பெரியது அது. எந்த நிறம் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று மட்டும் கவனியுங்கள். அந்த விகிதத்தை மனத்தில் எழுதிக்கொண்டு வந்தால், உங்கள் கூடத்துக்கு வேறு வண்ண ஆலோசகர் தேவையில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பச்சையும் சிவப்பும் இப்படிச் சேர்வதற்குக் கண்ணின் அமைப்பிலேயே காரணம் இருக்கிறது. பாரிசில் கோபலின் நெசவுக்கூடத்தில் சாயப் பொறுப்பில் இருந்த செவ்ரெல் என்ற வேதியியலர், பக்கத்துப் பக்கத்து நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டுவதைப் பற்றி 1839-இல் பெரிய நூல் எழுதினார். சிவப்புக்குப் பக்கத்தில் பச்சை இன்னும் பச்சையாகத் தெரியும்; பச்சைக்குப் பக்கத்தில் சிவப்பு இன்னும் சிவப்பாகத் தெரியும். அறுவைச் சிகிச்சை அறைகளுக்குப் பச்சை வந்ததும் இதனால்தான். 1914-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஹாரி ஷெர்மன் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர், இரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நிமிரும்போது வெள்ளைச் சுவரும் வெள்ளைத் துணியும் கண்ணைக் கூசச் செய்வதை உணர்ந்து, தம் அறையின் சுவரையும் தரையையும் கீரைப் பச்சை ஆக்கினார். கண் ஓய்ந்தது. பிறகு அது உலகம் முழுவதும் பரவியது.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். பழைய வீட்டில் உங்களுக்குக் காவித் தரை இருக்கிறது என்றால், அது பெரிய செல்வம். தயவுசெய்து அதன் மேல் டைல்ஸ் ஒட்டாதீர்கள். காவித் தரை இருக்கும் அறையில் மென்மையான பச்சை பூசினாலே போதும். தரையின் சிவப்பு அதைத் தூக்கிக் கொடுக்கும். அட்டையில் நீங்கள் பார்த்ததைவிட ஒரு படி பளிச்சென்று சுவரில் தெரியும். வெள்ளை வெளேரென்று பளபளக்கும் வைட்ரிஃபைடு டைல்ஸ் போட்ட புதிய வீட்டில் கதை வேறு. அந்தத் தரை, சுவரின் பச்சையை வாங்கி அறை முழுக்கத் திருப்பி வீசும். உட்கார்ந்திருப்பவர் முகமெல்லாம் பச்சை படியும். நாலு சுவருக்கும் பச்சை பூசி அவதிப்பட்டதாகச் சொன்னவர்கள் பெரும்பாலும் இப்படிப்பட்ட வீட்டுக்காரர்கள்தான். அங்கே ஒரு சுவர் மட்டும் பச்சை. மற்றவை சுண்ணாம்பு வெள்ளை. தரையில் காவி நிறத்தில் ஒரு சமுக்காளமோ, மூலையில் மண்பானையோ, தேக்கு மர நாற்காலியோ இருந்தால் சிவப்பின் பங்கு நிறைந்துவிடும்.

எந்தச் சுவர் என்பது அடுத்த கேள்வி. ஜன்னல் இருக்கும் சுவரில் பூசினால் வெளிவெளிச்சத்தின் எதிரே அது இருண்டு கறுத்துத் தெரியும். ஜன்னலுக்கு நேர் எதிர்ச்சுவரில் பூசினால், உள்ளே வரும் ஒளி முழுவதும் பச்சையில் பட்டுத் திரும்பும். பக்கச் சுவரே நல்லது. ஒளி அதைத் தடவிக்கொண்டு போகும். நிறம் அதன் இயல்பில் தெரியும்.

திசையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மேல்நாட்டு அலங்கார நூல்களைப் பார்த்து எழுதுகிறவர்கள், வடக்கு அறையில் வெயில் வராது, அங்கே ஒளி குளிர்ச்சியாக, ஒரே சீராக இருக்கும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். இலண்டனுக்கு அது சரி. திருவனந்தபுரம் இருப்பது 8.5 பாகை வட அட்சத்தில். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் இறுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. மேகம் இல்லாத நாளில் வெயில் வடக்கு ஜன்னல் வழியாக வரும். ஆகவே அந்த அறிவுரையை நம் வீட்டில் அப்படியே வைத்துப் பார்க்க முடியாது. நமக்கு முக்கியமான பிரிவு வடக்கு, தெற்கு அல்ல; மழைக்காலமும் வெயில்காலமும்தான். ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவமழை, அது தணிந்ததும் ஐப்பசி, கார்த்திகையில் துலாவர்ஷம் என்று ஆண்டில் இரண்டு மழைக்காலம் இங்கே. அந்த மாதங்களில் வானம் சாம்பல். வீட்டைச் சுற்றிய மரங்களோ மற்ற எல்லா மாதங்களையும்விடப் பச்சை. இலைகளில் பட்டு வரும் ஒளியே சற்றுப் பச்சையாகத்தான் அறைக்குள் நுழைகிறது. மார்ச் மாதத்து வெயிலில் தேர்ந்தெடுத்த மஞ்சள் கலந்த கிளிப்பச்சை இதனால்தான் ஜூலையில் வேறு நிறமாகிவிடுகிறது.

வழி எளிது. சின்ன டப்பாவில் மாதிரி வாங்கி, மூன்றடிக்கு மூன்றடிப் பலகையில் இரண்டு கோட் பூசுங்கள். பலகையைச் சுவரில் சாய்த்து வைத்துக் காலை, உச்சி, மழை மூடிய மதியம், இரவு விளக்கு என்று எல்லா வெளிச்சத்திலும் பாருங்கள். எல்.இ.டி. பல்பு 3,000 கெல்வின் என்றால் பச்சை மஞ்சளை நோக்கிச் சாயும். 6,500 என்றால் நீலத்தை நோக்கிப் போகும். கடையில் இருக்கும் வெள்ளை விளக்கின் கீழே அட்டையைப் பார்த்துவிட்டு வீட்டில் மஞ்சள் விளக்கு மாட்டுகிறவர்களுக்கு ஏமாற்றம் வருவது இதனால். சமையலறையில், சோறும் குழம்பும் பரிமாறும் மேசைக்கு மேலே, பளிச்சென்ற பச்சை வேண்டாம் என்பேன். உணவின் நிறம் கெடும். முகம் பார்க்கும் கண்ணாடிக்கு எதிரேயும் வேண்டாம். படிக்கும் அறை, பூஜை அறை, திண்ணையை ஒட்டிய முன்னறை, மாடிப்படிச் சுவர் இவையெல்லாம் பச்சைக்கு ஏற்ற இடங்கள்.

பச்சைக்கு ஒரு கொடிய வரலாறும் உண்டு. 1775-இல் ஸ்வீடனில் ஷீலே என்ற வேதியியலர் செம்பையும் ஆர்சனிக்கையும் சேர்த்து ஒரு பச்சையைச் செய்தார். அதுவரை ஐரோப்பியச் சந்தையில் அப்படிப் பளிச்சிடும் மலிவான பச்சை கிடையாது. 1814-இல் அதைவிட ஒளிமிக்க மரகதப் பச்சை வந்தது, அதிலும் ஆர்சனிக். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சுவரொட்டுத் தாள்களிலும் துணியிலும் செயற்கைப் பூக்களிலும் குழந்தைகளின் பொம்மைகளிலும்கூட அந்தப் பச்சை இருந்தது. ஈரமான அறைகளில் படுத்தவர்கள் காரணம் தெரியாமல் நோயுற்றார்கள். 1890-களில் கோசியோ என்ற இத்தாலிய மருத்துவர் ஆராய்ந்து, ஈரச்சுவரில் வளரும் பூஞ்சணம் அந்த நிறத்தின் மேல் வேலை செய்து, பூண்டு நாற்றமுள்ள ஆர்சனிக் வாயுவை வெளிவிடுவதைக் காட்டினார். செயிண்ட் ஹெலினா தீவில் நெப்போலியன் இறந்த வீட்டின் சுவர்த்தாளிலும் ஆர்சனிக் பச்சை இருந்தது பிற்காலத்தில் தெரிந்தது. அவர் மரணத்துக்கு அதுதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஈரமும் பூஞ்சணமும் நிறைந்த ஊரில் வாழும் நாம், சுவரில் பூசுவது என்ன என்று கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு நெடுங்காலம் கடைகளில் விற்ற பச்சை, காரீய குரோமேட் மஞ்சளும் பிரஷ்யன் நீலமும் சேர்ந்தது. நம் கதவுகளுக்கும் ஜன்னல்களுக்கும் வந்த எனாமல் பச்சைகளில் பல இந்த வகை. சுண்ணாம்புச் சுவரில் இது நிற்காது, ஏனென்றால் காரத்தில் பிரஷ்யன் நீலம் சிதைந்து பழுப்பாகிவிடும். 1928-இல் ஸ்காட்லாந்தில் கிரேஞ்ச்மவுத் சாயத் தொழிற்சாலையில் கலன் விரிசல் விட்டு, எதிர்பாராமல் ஒரு நீலப் பொருள் உருவானது. அந்த வழியில் போய் 1930-களில் தாலோசயனின் நீலமும், அதில் குளோரினை ஏற்றித் தாலோசயனின் பச்சையும் சந்தைக்கு வந்தன. வெயிலில் மங்காது, காரத்துக்கும் அசையாது. இன்று நம் சுவருக்கு வரும் பளிச்சென்ற பச்சைகளில் பெரும்பாலானவற்றுக்கு உயிர் அதுதான். காரீயத்துக்கும் சட்டம் வந்துவிட்டது: வீட்டு உபயோகப் பெயிண்டில் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் காரீயம் கூடாது என்ற மத்திய அரசின் 2016-ஆம் ஆண்டு விதி, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. டப்பாவில் அந்த அறிவிப்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பச்சைப் பெயிண்டுக்குள் ஒளிந்திருக்கும் வெள்ளையைப் பற்றியும் இந்த ஊரில் பேசாமல் போக முடியாது. பெரும்பாலான பெயிண்டுகளுக்கு அடித்தளம் டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளைத் தூள். பழைய சுவரை மூடி மறைக்கும் சக்தி அதற்குத்தான். இந்தியாவிலேயே அதைத் தயாரிக்க முதலில் தொடங்கிய நிறுவனம் நம் கொச்சுவேளியில் இருக்கும் டிராவன்கூர் டைட்டானியம், 1946-இல் ஏற்பட்டது. அதன் மூலப்பொருள் நம் கடற்கரைக் கறுமணலில் இருக்கும் இல்மனைட். மணவாளக்குறிச்சிக் கரையின் மணலுக்கு உலகச் சந்தை கிடைத்த வரலாறும் வியப்பானது. 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், இங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டிக்கொண்டு வந்த மணலைப் பார்த்து, அதில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதைக் கண்டு தேடி வந்தார். 1984-இல் சவறையில் கேரள மினரல்ஸ் நிறுவனம் ரூட்டைல் என்ற உறுதியான வகையைச் செய்யத் தொடங்கியது. கொச்சுவேளியில் முக்கியமாகச் செய்வது அனட்டேஸ் வகை. வெயிலில் அது சீக்கிரம் மாவு உதிர்க்கும் என்பதால் வெளிச்சுவர்ப் பெயிண்டுக்கு ரூட்டைலையே விரும்புவார்கள். கறுமணலிலிருந்து வெள்ளையைப் பிரிக்கும் சல்பேட் முறையில் அமிலக் கழிவு மிகுதி. வேளிக் கடற்கரையின் மீனவர்கள் நெடுங்காலம் அதற்காகக் குரல் கொடுத்திருக்கிறார்கள். நம் சுவரின் வெண்மைக்கு அவர்கள் கொடுத்த விலையையும் நாம் அறிந்திருக்க வேண்டும்.

இதில் உங்கள் பணத்தைத் தொடும் விஷயம் ஒன்று இருக்கிறது. வெளிறிய பச்சை வேண்டும் என்றால் கடையில் வெள்ளை மிகுந்த பேஸை எடுத்து இரண்டு சொட்டுச் சாயம் விடுவார்கள். பளிச்சென்ற பச்சைக்கு அப்படிச் செய்ய முடியாது. வெள்ளை கூடினால் பச்சை வெளிறிவிடும். ஆகவே டைட்டானியம் மிகக் குறைந்த பேஸை எடுத்துச் சாயத்தை நிறைய ஏற்றுவார்கள். நிறம் அழகாக இருக்கும், மூடும் சக்தி குறைவாக இருக்கும். அதனால்தான் வெள்ளைக்கு இரண்டு கோட் போதும் என்கிற இடத்தில் அடர் பச்சைக்கு மூன்று, சில சமயம் நான்கு கோட் ஆகிறது. பெயிண்டர் ஏமாற்றுகிறார் என்று அவரோடு சண்டை போடாதீர்கள். பிரைமரையே இளஞ்சாம்பல் நிறத்தில் கலந்து பூசச் சொல்லுங்கள். ஒரு கோட் மிச்சமாகும்.

பெயிண்டே வேண்டாம் என்று சொன்ன ஒரு பெரியவரும் இந்த நகரத்தில் வாழ்ந்தார். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், பர்மிங்ஹாமில் பிறந்து, நாலாஞ்சிறையில் வீடு கட்டி வாழ்ந்து, 2007-இல் இங்கேயே மறைந்தவர். உள்ளூரில் கிடைக்கும் செங்கலை அதன் நிறத்திலேயே விடுங்கள், பூச்சும் பெயிண்டும் வீண் செலவு என்பது அவர் கட்சி. தம்பானூரில் அவர் வடிவமைத்த, சுருள் சுருளாக ஏறும் இந்தியன் காபி ஹவுஸில் நீங்கள் காபி குடித்திருப்பீர்கள். உள்ளூர்வாசிகளுக்கு அவரை அறிமுகம் செய்யத் தேவையில்லை. செலவைப் பற்றி அவர் சொன்னதை நான் ஏற்கிறேன். ஆனால் நிறத்துக்கே அவர் எதிரி என்று நினைப்பது தவறு. பழைய புட்டிகளின் பச்சைக் கண்ணாடியையும் நீலக் கண்ணாடியையும் சுவரில் பதித்து, வெயில் அதன் வழியே நிறமாக இறங்கும்படி செய்தவர் அவர். அந்த அறைகளில் செங்கல்லின் காவிதான் பெரும்பகுதி, பச்சை சிறுபகுதி. இளநீரில் சுண்ணாம்பு கரைத்த ஓவியர்களும் பேக்கரும் ஒரே விகிதத்தில் வந்து நிற்கிறார்கள் என்பதை நான் பார்த்து மகிழ்ந்திருக்கிறேன்.

பளிச்சென்ற நிறம் நாகரிகக் குறைவு என்று நினைப்பவர்கள் நேப்பியர் அருங்காட்சியகத்துக்குள் போய் நிமிர்ந்து பாருங்கள். சென்னைப் பல்கலைக்கழக செனட் மண்டபத்தைக் கட்டிய சிஷோம் வடிவமைத்து, 1880-இல் முடிந்த கட்டடம். உள்ளே சுவரெல்லாம் பட்டை பட்டையாக நிறங்கள். அந்த நிறங்களுக்கு நடுவே சோழர் காலச் செப்புத் திருமேனிகள் கம்பீரம் குறையாமல் நிற்கின்றன. வளைகுடாப் பணத்தில் எழுந்த வீடுகளின் பச்சையையும் ஊதாவையும் பார்த்து முகம் சுளிப்பவர்களோடு நான் சேரமாட்டேன். பாலைவனத்தில் வருடக்கணக்கில் மணல் நிறத்தையே பார்த்த ஒருவர், ஊர் திரும்பியதும் தன் வீட்டுக்குப் பச்சை கேட்டால், அந்த ஆசையில் நியாயம் இருக்கிறது.

பச்சை இன்ன சமயத்தின் நிறம், இன்ன கட்சியின் நிறம் என்று சிலர் சொல்லித் தடுப்பதும் காதில் விழுகிறது. பத்மநாபனின் பள்ளியறைச் சுவரில் இருக்கும் நிறம், மசூதியின் கொடியில் இருக்கும் நிறம், ஓசன்னா ஞாயிறன்று கையில் ஏந்தும் குருத்தோலையின் நிறம். அதற்கு மேல் இதில் பேச்சு தேவையில்லை.

சுவரைப் பற்றிய வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஈரம் ஏறும் சுவருக்கு முதலில் ஈரத்தின் காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யுங்கள். வெள்ளைச் சுவரில் உப்பு பூத்தால் தெரியாது. பச்சையில் பூத்தால் நோய்த்தழும்பு போல் தெரியும். புதிய சிமெண்ட் பூச்சில் காரம் மிகுதி. குறைந்தது நான்கு வாரம் ஆறவிட்டு, காரம் தாங்கும் பிரைமர் பூசி, அதன் மேல் நிறம். ஆடி மாதத்து அடைமழையில் உள்ளறையானாலும் பெயிண்ட் வேலை வைத்துக்கொள்ள வேண்டாம். பளபளப்பு வகை வேண்டாம், மேட் அல்லது லேசான மினுமினுப்பு போதும். அடர் பச்சையில் பளபளப்பு சேர்ந்தால் புட்டியின் மேடு பள்ளமெல்லாம் வெளியே வரும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பழைய வீடு வைத்திருக்கிறவர்கள் புதுப் பச்சை பூசும் ஆசையில், கதவிலும் ஜன்னல் கம்பியிலும் இருக்கும் பழைய பச்சை எனாமலைத் தேய்க்கத் தொடங்குவீர்கள். அதில் காரீயம் இருக்கக்கூடும். அந்தத் தூசி சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. உலர்வாகத் தேய்க்கவே தேய்க்காதீர்கள். தண்ணீர் தெளித்து, நீர்த்தாள் போட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். வேலை செய்கிற பெயிண்டருக்கு நல்ல முகக்கவசம் உங்கள் செலவில் வாங்கிக் கொடுங்கள். வேலை முடிந்து ஈரத்துணியால் தரையைத் துடைத்து எடுக்கும் வரை குழந்தைகளை அந்த அறைக்குள் விடாதீர்கள்.